தானாக நிற்காத தேர்

நம் வயதுக்காரர்கள் இப்போது டவுன் பஸ்ஸில் ஏறினால் முதலில் தேடுவது சீட்டை அல்ல, கம்பியை. டிரைவர் பிரேக் போட்டால் முன்னால் சாய்கிறோம், வண்டியைக் கிளப்பினால் பின்னால் சாய்கிறோம். இரண்டு தடவையும் முட்டிதான் முனகுகிறது. இதையெல்லாம் எட்டாம் வகுப்பில் பாடமாகவே படித்தோம் என்பது உங்களில் பலருக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்க வழியில்லாமல் போய்விட்டது. அந்தப் பாடம் நடந்த அதே மாதத்தில்தான் எங்கள் கோயில் தேரில் மாதாவின் கை உடைந்தது. உடைத்தது எங்கள் அப்பா என்று எல்லோரும் சொன்னார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம். கோயம்புத்தூரில் லேத் பட்டறைகள் நெருக்கியடித்துக்கொண்டிருந்த ஒரு பக்கம். எங்கள் மாதா கோயிலைச் சேர்ந்த குடும்பங்களைப் பங்கு என்போம்; அதன் பெயர் வேண்டாம், அதில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். வீட்டில் நாங்கள் நாலு பேர். அப்பா லேத்தில் டர்னர். அவர் சட்டையை எத்தனை முறை துவைத்தாலும் அம்மாவால் அந்த எண்ணெய் வாசனையைப் போக்க முடிந்ததில்லை. நான் எட்டாம் வகுப்பு. தம்பிக்கு ஐந்து வயது. எதைப் பார்த்தாலும் அதன் பின்னால் ஓடுகிற வயது.

அப்பாவின் அப்பா உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் கூலி வேலை பார்த்தவர். அப்பா பதினாறு வயதில் பஸ் ஏறி வந்து பட்டறையில் சேர்ந்தார். ஆகவே பங்கில் நாங்கள் புதியவர்கள். இருபது வருடம் கழித்தும் புதியவர்கள்தான். திருவிழாவில் தேர் வடம் பிடிக்கும் வரிசையில் அப்பா நின்று நான் பார்த்ததில்லை. தேருக்குப் பின்னால் ஜெனரேட்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவார். கூடாது என்று யாரும் சொன்னதில்லை. வடத்தில் இடம் இருக்காது, அவ்வளவுதான்.

அந்தத் தேரைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெரிய தேர் இல்லை. இடுப்புயர மேடை, அதன் மேல் நாலு தூண் வைத்த கூரை, நடுவில் மாதா சுரூபம். கீழே நாலு மரச் சக்கரங்கள். சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவில் விளக்கெண்ணெய் ஊற்றுவார்கள். ஊற்றினாலும் அது அடுத்த தெருவரை கேட்கும்படி கத்தும். முப்பது ஆண்கள் வடம் பிடித்து, பின்னாலிருந்து பத்துப் பேர் தோள் கொடுத்தால்தான் அசையும்.

கிளப்புவதுதான் கஷ்டம், நிறுத்துவது சுலபம். ஒவ்வொரு தெரு முக்கிலும் ஒரு செபம் உண்டு. முக்கு வந்ததும், முன்னால் செபம் சொல்லிக்கொண்டு நடக்கும் உபதேசியார் கையைத் தூக்கி, “விடுங்க” என்பார். எல்லோரும் வடத்தைத் தளர்த்துவார்கள். ஓரடி, இரண்டடியில் தேர் நின்றுவிடும். “மாதா நிக்கறாங்க” என்று பெண்கள் கைகூப்புவார்கள். இழுக்காவிட்டால் எதுவும் நிற்கத்தானே செய்யும் என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். தேரை நிறுத்தியது அந்தக் கத்திக்கொண்டிருந்த மரச் சக்கரமும் அச்சும் ஒன்றையொன்று உரசிய உரசல்தான் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

முந்தைய வருடத் திருவிழாவில் ஒரு சக்கரம் பிளந்துவிட்டது. திருவிழாக் கமிட்டித் தலைவர்தான் அப்பா வேலை பார்த்த பட்டறையின் முதலாளி. நல்ல மனிதர், ஆனால் தான் சொல்வதைத் தானே ரசித்துக் கேட்கிறவர். இரும்புச் சக்கரம் போட்டுவிடலாம் என்று அவரே சொல்லி, வேலையை அப்பாவிடம் கொடுத்தார். அப்பா இரண்டு மாதம் ஷிப்ட் முடிந்த பிறகு உட்கார்ந்து நாலு சக்கரம் கடைந்தார். பழைய லாரி அச்சுகள் இரண்டைத் தேடிப் பிடித்து, சக்கரத்துக்கு உள்ளே பேரிங் இறக்கினார். வீட்டுக்கு அதே மாதிரி ஒரு குட்டி பேரிங்கைக் கொண்டுவந்து என் சுண்டுவிரலில் மாட்டிச் சுற்றிவிட்டார். அது சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. அப்பா அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்பு கோயில் மைதானத்தில் தேரை ஓட்டிப் பார்த்தார்கள். சுரூபம் ஏற்றாத வெறும் தேர். அப்பா ஒற்றைக் கையை வைத்துத் தள்ளினார், தேர் நகர்ந்தது. கூடியிருந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

“வடமே வேண்டாமாட்ட இருக்குதே” என்றார் முதலாளி.

“ஏனுங்க, இதுக்கு ஒரு பிரேக்கு வெச்சுப்போடலாமுங்க” என்றார் அப்பா. “லேசா ஓடுதுங்க. நிக்கோணுமில்லீங்க.”

“வடத்த உட்டா நிக்கப்போகுது. இத்தன வருசமா நிக்கலியா?”

“அது மரச் சக்கரமுங்க. அதே புடிச்சு நிறுத்திப்போடும். இது நிறுத்தாதுங்க.”

“மாதா தேருக்கு பிரேக்கா? லாரியாப்பா இது?”

எல்லோரும் சிரித்தார்கள். உபதேசியார் சிரித்தார், பக்கத்தில் நின்றிருந்த நானும் சிரித்தேன். அப்பா மறுநாள் ஒரு வேப்பங்கட்டையை ஆப்பு மாதிரிச் சீவி, பின்னால் ஒரு கயிற்றுப் பிடி கட்டி வைத்துக்கொண்டார். அவசரத்துக்குச் சக்கரத்தின் முன்னால் தள்ளுவதற்கு.

ஒன்று சொல்ல வேண்டும். அன்று ஓட்டிப் பார்த்தது காலித் தேரை. திருவிழா அன்று அதில் சுரூபம் ஏறியது, வாழை மரங்கள் ஏறின, ஆளுயர மாலைகள், சீரியல் லைட்டுக்கு பேட்டரிகள், பூ இறைக்க இரண்டு பேர். பாரம் கூடினால் கிளப்புவதும் கஷ்டம், ஓட ஆரம்பித்த பிறகு நிறுத்துவதும் கஷ்டம். இதை முதலாளி யோசிக்கவில்லை. அப்பாவும் முழுதாக யோசித்திருக்கவில்லை என்றுதான் இன்று நினைக்கிறேன்.

திருவிழா மாலையில் லேசாகத் தூறி நின்றிருந்தது. தார் ரோட்டில் ஈர வாசனையோடு மல்லிகையும் மண்ணெண்ணெய்ப் புகையும் கலந்து வந்தன. நான் முதன்முதலாகத் தாவணி போட்டிருந்தேன். அம்மா நவநாள் புத்தகத்தோடு பெண்கள் வரிசையில் போய்விட்டார். தம்பியின் கை என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. “உட்டுப்போடாத அம்மணி” என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுத்தான் போனார்.

அப்பா அந்த வருடம் ஜெனரேட்டர் வண்டியைத் தள்ளவில்லை. சக்கரம் செய்தவர் என்பதால் தேரின் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் நடந்தார். வெள்ளைச் சட்டை போட்டு, அக்குளில் கட்டையை இடுக்கியிருந்தார். நான் தேருக்குப் பக்கவாட்டில், கூட்டத்தின் ஓரமாக அவரைப் பார்த்தபடியே நடந்தேன். பெருமையாகத்தான் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

மூன்றாவது தெருவில் ஒரு சின்ன இறக்கம். சைக்கிளில் போனால்தான் அது இறக்கம் என்பதே தெரியும். முக்கு வந்தது, உபதேசியார் கையைத் தூக்கினார், “விடுங்க” என்றார். முப்பது பேரும் வடத்தைத் தளர்த்தினார்கள். தேர் நிற்கவில்லை. தளர்ந்த வடத்தின் மேலேயே ஏறி வந்தது. முன்னால் நின்றவர்கள் குதிகாலுக்குப் பக்கத்தில் தேரைப் பார்த்ததும் ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கினார்கள். “மாதா போகோணுங்கறாங்க, வழி உடுங்க” என்று ஒருவர் சொன்னது எனக்குக் கேட்டது.

அந்த நேரத்தில்தான் என் தாவணி ஊக்கு கழன்றது. எதிர்ப்பக்கம் என் வகுப்புப் பெண்கள் நின்றிருந்தார்கள். தம்பியின் கையை விட்டேன். அவன் உதறிக்கொண்டு ஓடவில்லை, நான்தான் விட்டேன். வேண்டுதலுக்காக யாரோ தேர் மேல் இறைத்த ஆரஞ்சு மிட்டாய்களில் ஒன்று மேடையில் பட்டுத் தெறித்து உருண்டது. தம்பி அதன் பின்னால் போனான். ஊக்கைக் குத்திவிட்டு நிமிர்ந்தபோது, தேரைச் சுற்றித் தொங்கிய நீலத் துணிக்கு அடியில், முன் சக்கரத்துக்கு எதிரே அவன் குனிந்துகொண்டிருந்தான்.

அப்பா பார்த்துவிட்டார். மண்டியிட்டுக் கட்டையைச் சக்கரத்தின் முன்னால் தள்ளினார். தேர் ஒரே குலுக்கலில் நின்றது.

கட்டை தேரைத்தான் நிறுத்தியது, மாதாவை நிறுத்தவில்லை. தேரோடு போய்க்கொண்டிருந்த சுரூபம், தேர் நின்ற பிறகும் போனது. பூ இறைத்த இருவரும் தூணைப் பிடித்துத் தப்பினார்கள். சுரூபத்தைக் கயிறு போட்டுக் கட்டும் வழக்கமே இல்லை. மெதுவாக நிற்கும் பழைய தேரில் அதற்குத் தேவையும் இருந்ததில்லை. சுரூபம் முன்பக்கமாகச் சாய்ந்து, சீரியல் லைட் ஒயர்களில் சிக்கிப் பாதியில் தொங்கியது. நீட்டியிருந்த வலது கை மேடைக் கம்பியில் மோதி, மணிக்கட்டோடு உடைந்து ரோட்டில் விழுந்தது.

எல்லோரும் மேலே பார்த்துக் கதறினார்கள். கீழே பார்த்தவர்கள் நானும் அப்பாவும்தான். அவர் துணிக்கு அடியில் கையை விட்டுத் தம்பியின் டவுசரைப் பிடித்து இழுத்து என்னிடம் தந்தார். தம்பியின் முழங்காலில் சிராய்ப்புக்கூட இல்லை. மிட்டாய் வாயில் இருந்தது.

“ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போ. யாருகிட்டயும் ஒண்ணும் பேசாத” என்றார் அப்பா. சுரூபத்தைத் தாங்க ஓடிவந்தவர்கள் முன்னாலிருந்து முட்டுக்கொடுத்ததில் தேர் சற்றுப் பின்வாங்கியது. அப்பா கட்டையைக் காலால் தட்டி எடுத்துத் துண்டில் சுற்றிக்கொண்டார்.

இரண்டு நாளில் கமிட்டியின் முடிவு தெரிந்துவிட்டது. ஓட்டத்தின் நடுவில் பேரிங் இறுகிச் சக்கரம் பிடித்துக்கொண்டது, அதனால்தான் தேர் குலுங்கி நின்றது, வேலை சரியில்லை. முதலாளியே இதைச் சொன்னதால் யாரும் சக்கரத்தைச் சுற்றிப் பார்க்கவில்லை. நாலு புதுச் சக்கரங்களையும் அச்சோடு கழற்றிக் கோயிலுக்குப் பின்னால் போட்டார்கள். பழைய மரச் சக்கரங்கள் தேருக்குத் திரும்பின, பிளந்ததற்கு இரும்புப் பட்டை அடித்து.

பட்டறையில் அப்பாவை லேத்திலிருந்து எடுத்துவிட்டு, வார்ப்பிலிருந்து வரும் மோட்டார் உறைகளின் பிசிறை அரத்தால் தேய்க்கும் வேலையில் உட்காரவைத்தார்கள். புதிதாகச் சேரும் பையன்கள் செய்கிற வேலை. அவருடைய லேத்தில் வேறொருவர் நின்றார். அப்பா மாலையில் வீட்டுக்கு வந்து இரும்புத் தூளைத் தலையிலிருந்து கழுவுவார். எண்ணெய் வாசனை போய்விட்டது. அதை அவ்வளவு நாள் திட்டிய அம்மா, சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு அழுததை நான் பார்த்தேன்.

அம்மாவுக்கு விஷயம் தெரியும். அப்பா அன்றைக்கே சொல்லிவிட்டார். ஏன் ஊருக்குச் சொல்லவில்லை என்று அம்மா கேட்டது சமையல்கட்டுக்கு வெளியே எனக்குக் கேட்டது.

“நீங்க சொன்னா லேத்து திரும்பக் கெடைக்குமல்லங்க.”

“கெடைக்கும். பொறவு அந்தப் பையன எல்லாரும் என்னன்னு கூப்பிடுவாங்க? மாதா கைய ஒடச்சவன்னுதான். பள்ளிக்கோடத்துலயும் அதுதான், கண்ணாலம் பேசறப்பயும் அதுதான். சக்கரம் கெட்டதுன்னா வேற சக்கரம் போட்டுக்கலாம். பேரு கெட்டா என்ன பண்றது?”

என்னைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. யார் கையை விட்டது என்று அவர் என்னிடம் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன்.

இதற்கிடையில்தான் பள்ளியில் அந்தப் பாடம் வந்தது. அறிவியல் டீச்சர் ஒரு ரப்பர் பந்தை வகுப்புத் தரையில் உருட்டிவிட்டார். அது கடைசி பெஞ்சுக்குப் பக்கத்தில் போய் நின்றது. ஏன் நின்றது என்று கேட்டார்.

“சோர்ந்து போச்சுங்க டீச்சர்” என்றாள் ஒருத்தி.

“ஏன், காலைல சாப்பிடாம வந்துருச்சா?” என்றார் டீச்சர். வகுப்பே சிரித்தது.

பிறகு கரும்பலகையில் எழுதினார். நின்றிருக்கும் பொருள் தானாக நகராது. நகரும் பொருள் தானாக நிற்காது, தானாக வேகம் கூடாது, தானாகத் திரும்பாது. வெளியிலிருந்து ஒரு விசை வேண்டும். பந்தை நிறுத்தியது தரையின் உராய்வு. டம்ளர் மேல் அட்டையும் அட்டை மேல் நாணயமும் வைத்து, அட்டையைச் சுண்டிவிட்டுக் காட்டினார். அட்டை பறந்தது, நாணயம் டம்ளருக்குள் விழுந்தது. மற்றவர்கள் கைதட்டினார்கள். எனக்கு மாதா சுரூபம்தான் கண்ணில் நின்றது. அட்டை நகர்ந்தும் நாணயம் நகரவில்லை, தேர் நின்றும் மாதா நிற்கவில்லை. இரண்டும் ஒரே கதைதான்.

மணி அடித்ததும் டீச்சரிடம் போய், ஒரு சக்கரம் கெட்டுப்போனதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டேன். “அதெல்லாம் பரீட்சைக்கு வராது, போ” என்றார். அவரைக் குறை சொல்லவில்லை. அறுபது பேர் நோட்டு அவர் மேஜையில் இருந்தது.

அன்று சாயங்காலம் நானும் பக்கத்து வீட்டுத் தோழியும் கோயிலுக்குப் பின்னால் போனோம். அச்சு இரண்டும் கற்களின் மேல் கிடந்ததால் சக்கரங்கள் தரையில் படாமல் இருந்தன. மேலே சருகும் தூசியும். ஒரு சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டேன். எங்களிடம் கைக்கடிகாரம் இல்லை. தோழி ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லி எண்ண ஆரம்பித்தாள். மூன்று முறை சொன்னாள், சக்கரம் சுற்றியது. ஆறு முறை சொன்னாள், சுற்றியது. ஒன்பதாவது செபத்தின் பாதியில்தான் நின்றது. சத்தமே இல்லை. நாலையும் சுற்றிப் பார்த்தோம். நாலும் அப்படித்தான்.

“இது எங்கடி இறுகிக் கெடக்குது?” என்றாள் தோழி.

பின்னாலிருந்து, “இன்னொரு தடவ சுத்துங்க” என்று குரல் கேட்டது. பங்குச் சாமியார். பூச்செடிக்குத் தண்ணீர் விட வந்தவர் எங்கள் செபச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்திருக்கிறார். நாங்கள் பயந்துகொண்டே சுற்றினோம். அவரும் கூடச் சேர்ந்து செபம் எண்ணினார். முடிந்ததும் சக்கரத்தைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, “ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் அப்பாவ இங்க வரச் சொல்லு. கமிட்டிக்காரங்கள நான் கூப்பிட்டுக்கறேன்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் பின்னால் இருபது பேர் கூடிவிட்டார்கள். அப்பா ஒரு ஓரத்தில் கைகட்டி நின்றார், அம்மா தம்பியை இடுப்பில் வைத்திருந்தார். சாமியார் சொன்னதும் முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சக்கரத்தைச் சுற்றினார். அவர் பட்டறைக்காரர், அவருக்குச் செபம் எண்ணத் தேவையில்லை. இரண்டாவது சுற்றிலேயே அவர் முகம் மாறிவிட்டது.

“சக்கரத்துல குத்தமில்லீங்க சாமி” என்றார். அதை அவர் எல்லோர் முன்னாலும் சொன்னார் என்பதை நான் மறக்க மாட்டேன். பிறகு கேட்டார், “அப்ப அன்னிக்குத் தேரு எப்படி நின்னுச்சு? தானா நின்னுச்சா?”

“தானா நிக்காதுங்க” என்றேன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. இதை நான் யோசித்திருக்கவில்லை. சக்கரம் நல்ல சக்கரம் என்று நிரூபித்தால் அடுத்த கேள்வி இதுவாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கேள்வி வந்துவிட்டது. பதில் தெரிந்தவர்கள் நாங்கள்தான் இருந்தோம்.

“தம்பி தேருக்கு அடியில போயிட்டானுங்க. அப்பா கட்டையப் போட்டாருங்க” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். “என்ற கைய உதறிட்டு ஓடிட்டானுங்க” என்றும் சேர்த்தேன்.

அதுவரைக்கும் நான் சொன்னது உண்மை. கடைசி வரி பொய். ஐந்து வயதுப் பிள்ளை மேல் போட்ட பொய்.

முதலாளி அப்பாவைப் பார்த்தார். அப்பா, “ஆமாங்க. நாந்தானுங்க போட்டது” என்றார். மாதா கையை உடைத்த பையன் என்று யாராவது சொல்லப்போகிறார்கள் என்று நான் காத்திருந்தேன். அம்மா தம்பியின் முகத்தைத் தன் தோளில் அழுத்திக்கொண்டார்.

அப்போது கோயில் வாசல் கூட்டுகிற பெண்மணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். தம்பியின் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “மாதா அவங்க கையக் குடுத்து இந்தக் கொழந்தையக் காப்பாத்தியிருக்காங்க. அது தெரியாம நாம ஒரு மனுசன என்னென்னமோ பேசிட்டமே” என்றார்.

எங்கள் ஆட்கள் இப்படித்தான். ஒரு நொடி முன்னால் வரை எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியாமல் நின்றவர்கள், மொத்தமாக அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்தார். இன்னொருவர் தம்பியை வாங்கித் தலைக்கு மேல் தூக்கினார். உபதேசியார் சங்கீதப் பாட்டு ஒன்றை ஆரம்பித்தே விட்டார். முதலாளிக்குப் பெரிய நிம்மதி, பிரேக் வேண்டாம் என்று சொன்னதை யாரும் கேட்கப் போவதில்லை. சாமியார் மட்டும் அப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என்னவோ சொல்ல வாயெடுத்தார், பிறகு அவரும் சங்கீதத்தில் சேர்ந்துகொண்டார்.

ஊர் தன் பையனுக்குக் கெட்ட பெயர் வைக்கும் என்று அப்பா போட்ட கணக்கு தப்பு. வேலை சரியில்லாததால்தான் தேர் நின்றது என்று முதலாளி போட்ட கணக்கும் தப்பு. பெரியவர்கள் எவ்வளவு உறுதியாகத் தப்பு செய்கிறார்கள் என்பதை நான் அந்த மாதத்தில்தான் தெரிந்துகொண்டேன். இன்று நாமும் அதே உறுதியோடுதான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

திங்கட்கிழமை அப்பா லேத்துக்குத் திரும்பினார். எண்ணெய் வாசனையும் திரும்பியது. அடுத்த திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்பு முதலாளியே வந்து, “ஏப்பா, அந்தப் பிரேக்கு என்னமோ சொன்னியே” என்று ஆரம்பித்தார். அப்பா கையால் இழுக்கும் பிரேக் ஒன்று செய்து பொருத்தினார். இறுக்கிப் பிடிக்காது, மெதுவாக உரசி நிறுத்தும். சுரூபத்தை நாலு பக்கமும் போல்ட் போட்டு மேடையோடு பிணைத்தார். கையைச் சாந்து வைத்து ஒட்டிவிட்டார்கள், கூர்ந்து பார்த்தால் மட்டும் கோடு தெரியும். வடம் பிடிக்க வாருங்கள் என்று அப்பாவையும் கூப்பிட்டார்கள். அவர் பிரேக் பக்கத்திலேயே நடந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

தம்பிதான் பாவம். பத்து வருடம் ஒவ்வொரு திருவிழாவிலும் அவனுக்கு வெள்ளை ஜிப்பா போட்டுத் தேருக்கு முன்னால் நடத்தினார்கள். பெண்கள் தங்கள் குழந்தைகளைக் கொண்டுவந்து அவனைத் தொடச் சொல்வார்கள். சாமியாராகப் படிக்கக் குருமடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று பங்கே முடிவு செய்து வைத்திருந்தது. பத்தாம் வகுப்புக் கணக்கில் அவன் கோட்டை விட்டதோடு அந்தப் பேச்சு அடங்கியது. கதை மட்டும் வளர்ந்தது. மாதா தானே குனிந்தார், கையை நீட்டிச் சக்கரத்தைத் தடுத்தார் என்று போய்விட்டது. அதில் வேப்பங்கட்டை இல்லை, மண்டியிட்ட அப்பா இல்லை. கையை விட்ட அக்காவும் இல்லை. அது எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பதை இப்போதுதான் எழுதவே துணிகிறேன்.

அப்பா போன வருடம் இறந்தார். முப்பதாம் நாள் பூசை முடிந்து ஈரோட்டில் தம்பி வீட்டுக்குப் போனோம். அவன் அங்கே விசைத்தறிக்கு உதிரி பாகங்கள் விற்கிறான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவன் மகள் கேட்டாள் என்று அந்தத் தேர்க் கதையைச் சொன்னான். மாதா குனிந்தது, கையை நீட்டியது, எல்லாம். சிரித்துக்கொண்டே, அழகாகச் சொன்னான். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பா போன முப்பது நாளில் முதல் முறையாக எனக்குக் கோபம் வந்தது. தம்பி மேல் இல்லை, என் மேல்.

பிள்ளைகள் வெளியே போனதும் அவனிடம் சொல்லிவிட்டேன்.

“உன்ற கைய நீ உதறல. நான்தான் உட்டேன். தாவணி ஊக்கு கழண்டுபோச்சு. கமிட்டி முன்னால பொய் சொல்லிப்போட்டேன். தேர நிறுத்துனதும் மாதா இல்ல. அப்பாதான் கட்டையப் போட்டாரு.”

அவன் கையைத் துடைத்துக்கொண்டிருந்த துண்டை மடித்து வைத்தான்.

“தெரியுமக்கா” என்றான்.

“யாரு சொன்னா?”

“யாரு சொல்லோணும்? நீ கைய உட்டதும் நெனவிருக்குது. நான் கீழதான இருந்தேன். சக்கரம் வருது, அப்பா மூஞ்சி எனக்கு நேரா வருது. மாதா மேல இருந்தாங்க, எனக்குத் தெரியவே இல்ல.”

“பொறவு ஏண்டா இத்தன வருசமா அப்படிச் சொல்லிட்டு இருக்கற?”

“சின்னதுல ஒரு தடவ அப்பாகிட்டயே கேட்டேன், நீங்கதானங்கப்பா நிறுத்துனீங்கன்னு. இல்ல கண்ணு, மாதாதான், யாரு கேட்டாலும் அப்படியே சொல்லோணும்னாரு. அவரு ஆசப்பட்டாருன்னு நானும் சொல்லிட்டு இருந்தேன்.”